ஏழாம் நம்பர் அக்கா நிற்கும் இடம்

குணாளன் என்ன வேலை பார்க்கிறான் என்பதை அவனுடைய பெரியப்பாவுக்கு விளக்கி வெற்றி பெற்றவர் எவரும் இல்லை. குணாளனே பல தீபாவளிகளுக்கு முயன்று பார்த்திருக்கிறான்.

"போன்ல பட்டன் இருக்குதுல்லீங்க பெரியப்பா? அது எங்க இருக்கோணும், என்ன நெறத்துல இருக்கோணும், அதுமேல என்ன எழுதோணும்னு சொல்றதுங்க."

"பட்டனை நீ செய்யறியா?"

"இல்லீங்க."

"அமுத்தறியா?"

"இல்லீங்க. அமுத்தறவங்களுக்குச் சுளுவா இருக்கற மாதிரி…"

"சும்மா இருக்கறேன்னு சொல்லு. அதுக்கு எதுக்கு இத்தனை சுத்து?"

பெரியப்பா சொன்னதில் பெரிய தப்பு இல்லை. குணாளன் எந்தக் கம்பெனியிலும் இல்லை. சேலத்தில் வீட்டு மாடியில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு திரை. உலகத்தில் எவனுக்கு எந்தச் செயலி வேண்டுமென்றாலும் அதன் முகத்தை வரைந்து கொடுப்பான். காலையில் மின்மயான முன்பதிவு, மதியம் கல்யாண மண்டப முன்பதிவு, சாயங்காலம் நீட் பயிற்சி மையம். ஒருமுறை அவசரத்தில் மண்டபத்துக்கு எழுதிய "மீண்டும் வருக" என்ற வாசகத்தை மயானத்துக்கு ஒட்டிவிட்டான். புகார் எதுவும் வரவில்லை.

வாடிக்கையாளர்கள் பல ரகம் என்றாலும் பேசும் வாக்கியம் ஒன்றுதான்: "சின்ன சேஞ்ச்தான் சார்." அந்தச் சின்ன மாற்றத்தைச் செய்து முடிக்கும்போது பழைய வீட்டில் வாசற்படி மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அதற்கும் அடுத்த நாள் ஒரு சின்ன சேஞ்ச் வரும்.

இந்தத் தொழிலில் முன்பெல்லாம் ஒரு தொல்லை இருந்தது. வரைந்ததை நிஜ மனிதர்களிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவர்களை உட்கார வைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, "இதுல டிக்கெட் எடுங்க பாக்கலாம்" என்று சொல்ல வேண்டும். அவர்கள் அரை மணி நேரம் திரையோடு மல்லுக்கட்டிவிட்டு, டிக்கெட் எடுக்காமலே, "ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். டீ கொடுத்தவனிடம் குறை சொல்வது தமிழ்நாட்டில் வழக்கம் இல்லை.

அதற்கு ஒரு விடிவு வந்தது. அதன் பெயர் நிழல்.

விஷயம் எளிமையானது. ஒரு நிறுவனம் சிலரிடம் கையெழுத்து வாங்கி, அவர்கள் போனைப் பயன்படுத்தும் விதத்தை இரண்டு வருஷம் கூடவே இருந்து கவனித்தது. விரல் எங்கே போகிறது, கண் எங்கே நிற்கிறது, எந்த வார்த்தைக்கு மயங்குகிறார்கள், எதற்குக் கோபிக்கிறார்கள் எல்லாம். அதை வைத்து ஒவ்வொருவருக்கும் கணினிக்குள் ஒரு நகல் செய்தது. கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஆளுக்கொரு மிக்ஸி கொடுத்தது. அதற்குப் பிறகும் அவர்கள் போனில் செய்வதை எல்லாம் நகல் கற்றுக்கொண்டே இருக்கும். மிக்ஸி மட்டும் ஒன்றுதான். நகலுக்கு டீ வேண்டாம், பிஸ்கட் வேண்டாம், அடாது மழை பெய்தாலும் விடாது வேலை செய்யும். முக்கியமாக, மரியாதைக்காகப் பொய் சொல்லாது.

தமிழுக்கு என்று விற்ற தொகுப்பில் மொத்தம் எட்டு நிழல்கள். எட்டுக் கோடிப் பேருக்கு எட்டு போதும் என்று யாரோ ஒரு புண்ணியவான் முடிவு செய்திருந்தார். மூன்றாம் நம்பர் ஒரு கல்லூரிப் பையன். எதைக் கொடுத்தாலும் ஒற்றை நட்சத்திரம் போடுவான். ஐந்தாம் நம்பர் ஓய்வுபெற்ற அதிகாரி. நிபந்தனைகளை முழுக்கப் படிப்பார். அவரை எல்லாக் கம்பெனிகளும் முதல் நாளே நிறுத்தி வைத்துவிடும்.

எல்லோருக்கும் பிடித்தது ஏழாம் நம்பர். பெண், வயது ஐம்பத்தெட்டு, சிற்றூர். பொறுமைசாலி. சொன்னால் கேட்டுக்கொள்வார், புரியவில்லை என்றால் திரும்ப முயல்வார், கடுமையாகப் பேசினால் மட்டும் முகம் சுருங்கி வெளியே போய்விடுவார். வடிவமைப்பாளர்கள் அவரை "ஏழாம் நம்பர் அக்கா" என்றே அழைத்தார்கள். அக்காவுக்குப் பிடித்துவிட்டால் ஊருக்கே பிடித்த மாதிரி.

ஆகவே எல்லோரும் அக்காவுக்காகவே வரைந்தார்கள். அக்காவின் கட்டைவிரல் எங்கே இறங்குமோ அங்கே பட்டன். அக்காவின் கண்ணாடிக்கு ஏற்ற எழுத்து. "சாப்ட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கடவுச்சொல் கேட்டால் அக்கா மகிழ்ச்சியோடு கொடுக்கிறார் என்று ஒரு வங்கி கண்டுபிடித்தது, அதிலிருந்து எல்லா வங்கிகளும் எல்லோரிடமும் சாப்பிட்டாயா என்று கேட்டன. வட்டி கட்டாதவனுக்கு நோட்டீஸ் விடும்போதுகூட முதலில் சாப்பாட்டை விசாரித்தார்கள். நாடு முழுக்க மெல்ல மெல்ல ஒரு அக்காவின் வசதிக்கு வளைந்துகொண்டிருந்தது. நாட்டுக்கும் அது தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் குணாளனுக்குப் 'பொன்னந்தி' வந்து சேர்ந்தது.

பொன்னந்தி ஒரு முதியோர் வளாகம். திட்டம் இதுதான்: உங்கள் வீட்டை எங்களுக்கு எழுதிக் கொடுங்கள், சாகும்வரை உங்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சாப்பாடு, மருந்து, தோட்டம், பஜனை எல்லாம் உண்டு. எல்லாம் போனிலேயே முடிந்துவிடும்; பத்திரப் பதிவுகூட விரல் ரேகையில். இரண்டே இரண்டு சங்கதிகள் மட்டும் விளம்பரத்தில் இல்லை. உள்ளே போனபின் வெளியே கால் வைக்க வளாகத்து டாக்டர் அனுமதி தர வேண்டும். மனம் மாறி வெளியேறினால் வீடு திரும்பி வராது. சட்டப்படி இவற்றை எங்காவது சொல்லியாக வேண்டும். குணாளன் சொன்னான். கடைசித் திரையின் அடியில், கடுகளவு சாம்பல் நிற எழுத்தில், "மேலும் சில அன்பான தகவல்கள்" என்ற இணைப்புக்குள்ளே வைத்துச் சொன்னான். அன்பான என்ற சொல்லைச் சேர்த்ததற்கு அவனுக்குப் பாராட்டு வந்தது.

பாராட்டியவள் சம்யுக்தா. பொன்னந்தியின் சென்னை அலுவலகத்தில் இந்தச் செயலிக்குப் பொறுப்பானவள். செயலி வெளிவந்த அடுத்த வாரம் திரையில் வந்தபோது அவள் முகத்தில் பாராட்டு இல்லை.

"குணாளன், ஹாய். ஒரு சின்ன ப்ராப்ளம். ஏழு நின்னுட்டாங்க."

"எங்க நின்னாங்க?"

"கடைசி ஸ்க்ரீன். 'உங்கள் வீட்டை ஒப்படைக்கச் சம்மதமா?' அது வரைக்கும் வழுக்கிட்டு வர்றாங்க. அங்க வந்ததும் ஸ்டாப். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு வந்து பாதி தடவை யெஸ், பாதி தடவை நோ."

"'வேண்டாம்' பட்டனைச் சின்னதாக்கினோமே?"

"ஆக்கினோம். அதுமேல 'எனக்கு நிம்மதி வேண்டாம்'னு எழுதினோம். வீணை போட்டோம். பேரக் குழந்தை போட்டோ வெச்சோம். பாதிக்குப் பாதிதான். காசு சுண்டின மாதிரி. மனுஷங்க அப்படி இருக்க மாட்டாங்க குணாளன். எதையாவது காட்டினா ஒரு பக்கம் சாயணும். இவங்க எதுக்கும் சாய மாட்டேங்கறாங்க."

"நல்லா யோசிச்சு முடிவெடுக்கறாங்களோ என்னவோ."

"அது எப்படிச் சரிப்படும்?" என்றாள் சம்யுக்தா, உண்மையான கவலையோடு. "அந்த இடத்துல என்ன நடக்குதுன்னு கண்டுபிடிங்க. கண்டுபிடிச்சா சின்ன சேஞ்ச்தான்."

நிழலோடு பேசலாம். குணாளன் பேசிப் பார்த்தான். ஊர்க்காரப் பேச்சுக்கு அக்கா இளகுவார் என்பது அவனுக்குத் தெரியும்.

"ஏனுங்க்கா, அங்க வந்து நின்னுட்டீங்க?"

"கேட்டுட்டு வரோணும்," என்றது நிழல்.

"யார்கிட்டங்க?"

நிழல் தடுமாறியது. "தெரியலீங்க. கேட்டுட்டு வரோணும். அவ்வளவுதான்."

குணாளனுக்குப் பொறி தட்டியது. நிழலுக்குத் தெரிந்ததெல்லாம் போன் பார்த்தது மட்டும்தான். அக்கா போனை எங்கேயோ வைத்துவிட்டு எங்கேயோ போகிறார். என்னவோ நடக்கிறது. திரும்பி வந்து ஆமாம் என்கிறார் அல்லது இல்லை என்கிறார். அந்த நடுப் பகுதி நிழலுக்குள் வெறும் ஓட்டை. பதில் வேண்டுமானால் ஓட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளைத்தான் கேட்க வேண்டும்.

ஆளின் பெயரை நிறுவனம் சொல்லாது. அந்தரங்கம் அதற்கு உயிர். பெயர், கதவு எண், தெரு, பின்கோடு எல்லாவற்றையும் நிழலிலிருந்து சல்லடை போட்டு எடுத்துவிடுவார்கள். குணாளன் நிழலிடம் வெறுமனே, "அக்கா, ஒரு பார்சல் அனுப்போணும், வழி சொல்லுங்க" என்றான்.

"சங்ககிரியில இருந்து டவுன் பஸ் ஏறுங்க. கரட்டுமேடு தாண்டி தண்ணி டேங்க் ஒண்ணு வரும், மஞ்ச பெயிண்டு. அங்க எறங்கி பால் சொசைட்டிக்கு எதுத்தாப்புல போனீங்கன்னா, கேட்டுல மயில் போட்ட வூடு."

கதவு எண்ணையும் பின்கோடையும் நம்பி எந்தத் தபால்காரர் நம் ஊரில் வீடு கண்டுபிடித்திருக்கிறார் என்பதைச் சல்லடை வாங்கியவர்கள் விசாரிக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மஞ்சள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குணாளன் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. மயில் போட்ட கேட்டைத் திறந்தவர் கையில் மாவு ஒட்டியிருந்தது. கட்டைவிரலைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பல வருஷமாக அந்த விரலுக்குத்தான் அவன் பட்டன் வைத்துக்கொண்டிருக்கிறான்.

"யாருங்க?"

"போன்ல ஆப்பு எல்லாம் சரியா வேலை செய்யுதான்னு பாக்கறவங்க. ஒரு ரெண்டு கேள்வி கேட்டுட்டுப் போயிடறேனுங்க."

"அதுக்கு வெயில்ல நின்னு கேக்கோணுமா? உள்ள வா கண்ணு."

அவர் பெயர் வளர்மதி. கணவர் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்து, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் காலமாகிவிட்டார். ஒரே மகள் பெர்த்தில். கூடத்துக்குள் நுழைந்த குணாளன் நடக்க இடம் தேடினான். சுவரோரம் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் உத்தரம் வரைக்கும். நின்ற இடத்திலேயே நடந்து பழகும் டிரெட்மில் ஒன்றின்மேல் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது.

"இதுல நடப்பீங்களா?"

"எதுக்கு? ஊரெல்லாம் ரோடு கெடக்குது." மோர் கொண்டுவந்து வைத்தார். "எனக்கே தெரியல கண்ணு. ஆப்பைத் தொறக்கறேன், அது நல்லா மரியாதையாப் பேசுது, கை தானாப் போகுது, சாயங்காலம் பெட்டி வந்துருது. மாட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கறேன்."

"மாடு எங்கிங்க?"

"மாடு இல்லை." கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். "எம் புள்ள திட்டுறா. உனக்கு மட்டும் ஏம்மா இப்படின்னு கேக்கறா. அவளுக்கு அந்த ஆப்பையெல்லாம் பாத்தா எரிச்சலா வருதாம். எனக்கு எல்லாமே எனக்குன்னே அளவெடுத்துத் தெச்ச ஜாக்கெட்டு மாதிரி இருக்குது. நான் எங்க தடுமாறுவேன்னு முன்னாடியே தெரிஞ்சு கைய புடிச்சுக் கூட்டிட்டுப் போறாப்புல."

அளவெடுத்தவர்களில் குணாளனும் ஒருவன். ஆயிரம் தையற்காரர்கள் சேர்ந்து ஒரே உடம்புக்குத் தைத்திருக்கிறார்கள். அந்த உடம்பு தன்னால் மூச்சுவிட முடியாமல் இருப்பதைச் சௌகரியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

"எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிருவீங்களா?"

"சில்லறைச் சாமானுக்குச் சொல்லிருவேன். பெரிய காரியம்னா சொல்ல மாட்டேன். பூ கேக்காம எதுவும் செய்யறதில்லை."

"பூ கேக்கறதுங்களா?"

"ஏன், உங்கூருல இல்லையா? போனை வெளிய வெச்சுட்டு ஆத்தா கோயில்ல போயி, மனசுல நெனைச்சுக் கேக்கறது. வெள்ளை அரளியும் செவப்பு அரளியும் தனித்தனியா மடிச்சு சாமி முன்னாடி வெச்சு, ஒண்ணை எடுக்கச் சொல்லுவாங்க. வெள்ளை வந்தா சரி, செவப்பு வந்தா வேண்டாம்."

அந்தக் கணத்தில் குணாளன் எழுந்து அந்த டிரெட்மில்லைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தான். பாதிக்குப் பாதி. எத்தனை நிபுணர்கள், எத்தனை கணினிகள், வீணை, பேரக் குழந்தை. யாராலும் அசைக்க முடியாத அந்தச் சதவீதம், கைபேசி நுழையக்கூடாத ஒரு கருவறையில் இரண்டு அரளிப் பூக்கள். உலகமே இந்த அக்காவை வளைத்துப் போட்டுவிட்ட பிறகும், வளையாமல் ஒரே ஒரு இடம் மிச்சம் இருந்திருக்கிறது. இந்தப் பெண்மணிக்கு 'மாட்டேன்' என்று சொல்லத் தெரியாமல் போய்விட்டது. அவருக்குப் பதிலாக அரளி சொல்லிக்கொண்டிருக்கிறது.

"இன்னைக்குக்கூடப் போறேன்," என்றார் வளர்மதி. "பொன்னந்தின்னு ஒண்ணு வந்திருக்குது. வூட்டக் குடுத்துட்டு அங்க போயிறலாமாம். கடைசில சம்மதமான்னு கேட்டுட்டு நிக்குது."

குணாளன் டம்ளரைக் கீழே வைத்தான். "உங்களுக்கு எப்படிங்க்கா இருக்குது? போகோணும்னு இருக்குதுங்களா?"

"பொழுது எறங்கினா வூடு கடிச்சு முழுங்கற மாதிரி இருக்குது. காலையில எந்திரிச்சா இதை விட்டுட்டு எங்க போறதுன்னு இருக்குது. ரெண்டும் நெசந்தான். யோசிச்சு யோசிச்சுத் தலைவலிதான் மிச்சம்."

"அதுல சில ஷரத்து இருக்குங்க்கா. அவசரப்படாம…"

"ஷரத்து இல்லாம எது இருக்குது? கல்யாணத்துலயே ஷரத்து இருக்குது." எழுந்து முகம் கழுவப் போனார். "ஆத்தா பாத்துக்குவா. நீயும் வா, கும்பிட்டுட்டு அப்படியே பஸ் ஏறிக்கலாம்."

அவன் அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். டாக்டர் அனுமதி, திரும்பி வராத வீடு என்று இரண்டே வாக்கியம். ஆனால் வாடிக்கையாளர் ரகசியத்தை வெளியிட மாட்டேன் என்று அவன் கையெழுத்துப் போட்டிருந்தான். அந்த ஒப்பந்தத்தை அவன் படித்திருக்கவில்லை என்பது வேறு விஷயம். அவனும் பட்டன் வசதியான இடத்தில் இருந்ததால் அமுக்கியவன்தான்.

கோயில் ஊருக்கு வெளியே கரட்டுக் குன்றின் அடியில் இருந்தது. வாசலில் "கைபேசிக்கு அனுமதி இல்லை" என்ற பலகை. வளர்மதி போனைத் துணிப்பையில் போட்டு வேப்பமரத்து ஆணியில் மாட்டிவிட்டு முன்னால் போனார். குணாளன் தன் போனை வைக்கப் போகும்போது அது அதிர்ந்தது. சம்யுக்தா.

"ஏதாவது தெரிஞ்சுதா?"

தொழில் புத்தி என்று ஒன்று இருக்கிறது. விடை தெரிந்தவுடன் வாய் தானாகத் திறந்துவிடும். சொல்லிவிட்டான்.

அந்தப் பக்கம் சம்யுக்தாவின் குரல் பக்தியில் குழைந்தது. "குணாளன், யூ ஆர் எ ஜீனியஸ். ஒரு பூ ஸ்க்ரீன் போடுங்க. அம்மன் முகம், பின்னாடி மணிச் சத்தம், ரெண்டு பொட்டலம். தொட்டா திறக்கணும்."

"தொட்டா?"

"வெள்ளை."

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும் வெள்ளைதான். நெகட்டிவா எதுக்கு? ஏழு மாதிரி எத்தனை லட்சம் பேர் இருப்பாங்க, கோயிலுக்குப் போக வேண்டிய அலைச்சல் மிச்சம் பாருங்க. சின்ன சேஞ்ச்தான்."

போனை அணைத்துச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தான் குணாளன். தன் பதினைந்து வருஷத் தொழில் வாழ்க்கையில் முதல்முறையாக, செருப்பு அவனுக்குக் கொஞ்சம் உயர்ந்த பொருளாகத் தெரிந்தது.

உள்ளே பூசாரி இரண்டு வாழையிலைத் துணுக்குகளில் பூவை மடித்துத் தட்டில் வைத்துக் குலுக்கி அம்மன் காலடியில் வைத்திருந்தார். வளர்மதி கண்ணை மூடி நின்றார். உதடு அசையவில்லை. மனசுக்குள் கேட்க வேண்டும் என்பது முறை.

"வழக்கமா கொழந்தைங்களை எடுக்கச் சொல்லுவோம்," என்றார் பூசாரி. "பள்ளிக்கூடம் விடலை. ஊர்க்காரங்க எடுத்தா பின்னாடி பேச்சு வரும். தம்பி வெளியூருதானே? ஒண்ணை எடுத்துக் குடுங்க."

குணாளன் குனிந்தான்.

ஒரு திரையில் எண்பது லட்சம் புள்ளிகளுக்கு நடுவே ஒரு புள்ளி நிறம் மாறியிருந்தால் கண்டுபிடிக்கிற கண் அவனுடையது. இடது பக்கத்துப் பொட்டலத்தில் இலையின் நரம்போரம் ஊசி முனையளவு கிழிசல். அதன் வழியே செவ்வரளி.

அதாவது இடது பக்கம் 'வேண்டாம்'.

எத்தனை 'வேண்டாம்'களை அவன் சாம்பல் நிறமாக்கியிருக்கிறான், சிறிதாக்கியிருக்கிறான், மூன்று திரைகளுக்கு அப்பால் தள்ளியிருக்கிறான். இப்போது ஒரு முழு 'வேண்டாம்' இலையில் மடித்து அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. தெய்வத்தின் காரியத்தில் திருட்டுத்தனம் செய்கிறோமே என்று ஒரு நொடி கூசியது. தெய்வத்துக்கு முன்னால் செய்யாமல் மற்ற இடங்களில் செய்ததைவிட இது தேவலை என்று இடது பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான்.

பூசாரி பிரித்தார். செவப்பு.

வளர்மதி இரண்டு கையாலும் பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குணாளனுக்கு நெஞ்சில் காற்று இறங்கியது. பொன்னந்தி ஒழிந்தது. கூடத்தில் அட்டைப்பெட்டிகள் இருக்கும், மிளகாய் காயும், மயில் கேட் இருக்கும். பொழுது இறங்கினால் கடிக்கிற வீடுதான். ஆனால் கதவு உள்பக்கம் தாழ் போட்ட வீடு.

வெளியே வந்ததும் வளர்மதி வேப்பமரத்தடித் திண்டில் உட்கார்ந்து, பையிலிருந்து போனையும் கண்ணாடியையும் எடுத்தார்.

"போன் எதுக்குங்க்கா?"

"கையெழுத்துப் போடத்தான். நல்ல நேரம் முடியறதுக்குள்ள போட்டர்றேன்."

"செவப்புத்தானுங்களே வந்துச்சு?"

"ஆமா."

"செவப்பு வந்தா வேண்டாம்னு சொன்னீங்களே!"

"வேண்டாம்னுதான் சொல்லிட்டா. இந்த வூட்டுலயே இருக்கட்டுமான்னு கேட்டேன். இருக்க வேண்டாங்கறா."

குணாளன் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, ஆப்புல கேட்டிருந்தது அதில்லீங்களே. 'வீட்டை ஒப்படைக்கச் சம்மதமா'ன்னுதானே…"

"அது அவன் கேக்கற கேள்வி. அவன் கேள்விய நான் எதுக்கு ஆத்தாகிட்டக் கொண்டுபோயிக் கேக்கோணும்? எனக்குன்னு ஒரு கேள்வி இருக்காதா?"

இருக்காது என்றுதான் அவன் தொழில் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. கேள்வி எப்போதும் கம்பெனியுடையது. பதில் மட்டும் மக்களுடையது. ஆளைத் தேடி இத்தனை தூரம் பஸ் ஏறி வந்தவன், என்ன கேட்கப்போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லோணும். நான் பாத்து எடுத்தேன். இலை கிழிஞ்சிருந்துச்சு, செவப்பு தெரிஞ்சுது. நீங்க போகக் கூடாதுன்னு வேணும்னே எடுத்தேன்."

வளர்மதி கண்ணாடிக்கு மேலே அவனைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். கோபப்பட்டால் தேவலை என்று இருந்தது. அவர் சிரித்தார்.

"நெசமாவா?"

"நெசமா. இன்னொரு தடவை கேக்கலாங்க்கா. கண்ணைக் கட்டிட்டு எடுக்கறேன்."

"ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தான். ஆத்தா என்ன கஸ்டமர் கேரா?" குரல் தணிந்தது. "நீ பாக்காம எடுத்திருந்தாக்கூட எனக்கு ஒரு நெருடல் இருந்திருக்கும். பாத்து, எம்மேல அக்கறையா, நல்லதுன்னு நெனைச்சு எடுத்திருக்கறே. எங்கிருந்தோ பஸ் ஏறி வந்திருக்கறே. இலைய யாரு கிழிச்சா? உங்கையை யாரு நீட்ட வெச்சா?"

இப்படி எந்தப் பக்கமும் கதவில்லாத ஒரு வடிவமைப்பை குணாளன் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. பொன்னந்திக்காரர்கள் பார்த்தால் சரணடைந்திருப்பார்கள்.

அவனிடம் இன்னும் இரண்டு வாக்கியம் இருந்தது. ஒப்பந்தம் கிடக்கட்டும் என்று சொன்னான்: "அங்க போனா வெளிய வர டாக்டரைக் கேக்கோணும். திரும்பி வந்தா வூடு கெடைக்காது."

"அப்படின்னு எங்க போட்டிருக்குது?"

"இதுலதாங்க. அடியில பாருங்க, 'மேலும் சில அன்பான தகவல்கள்'."

வளர்மதி போனை நீட்டிப் பிடித்தார். பக்கத்தில் கொண்டுவந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அவரது கண்ணுக்கு எட்டாத அளவு எதுவென்று மிகச் சரியாகக் கணக்கிட்டு வைக்கப்பட்ட எழுத்து அது. வைத்தவன் பக்கத்தில் நின்று விரலால் காட்டிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் தெரியலையே சாமி. வெறுமையாத்தான் இருக்குது. முக்கியமானதுன்னா பெருசாப் போட்டிருப்பாங்க. அவங்க எவ்வளவு பதவிசா எழுதியிருக்கறாங்க பாரு, முதல் வரியிலயே சாப்ட்டீங்களான்னு கேக்கறாங்க." ஆறுதலாக அவன் கையைத் தட்டினார். "நீ பயப்படாத. பயந்த சுபாவம் போல இருக்குது உனக்கு."

அவரது கட்டைவிரல் திரையில் இறங்கியது. எதிரில் பட்டன் இருந்தது, சரியாக அந்த விரல் இறங்கும் இடத்தில். எந்த இடத்திலும் நிற்கவில்லை, தயங்கவில்லை. வீணை வாசித்தது. ஒரு பொன்னிற மலர் திரையில் விரிந்து, "வாங்க, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்" என்றது. அதையும் குணாளன்தான் எழுதியிருந்தான்.

வளர்மதி கையிலிருந்த செவ்வரளியில் ஓர் இதழைக் கிள்ளி, மிச்சத்தை அவன் சட்டைப் பையில் வைத்தார். முகத்தில் பல நாள் தலைவலி இறங்கின தெளிவு.

"எவ்வளவு சுளுவா முடிஞ்சிருச்சு பாரு கண்ணு," என்றார். "இதைப் பண்ணுனவன் எவனோ, அவனும் அவம் புள்ளகுட்டியும் நல்லா இருக்கோணும்."